மாற்றுவதற்கு முன் அளந்து பார்ப்போம்

இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த எமது கிராமங்களில், மண்வெட்டிக்கு அடுத்ததாக எல்லோர் வாயிலும் அடிபடும் பெயர் 'பெக்கோ'. பற்றைக்காடாகிப் போன வயலை வெளியாக்க அது வேண்டும். தூர்ந்துபோன வாய்க்காலைத் தோண்ட அது வேண்டும். உடைந்த குளக்கட்டைக் கட்ட அது வேண்டும். 2009இன் பின்னர் நாம் மீளக்குடியமரத் தொடங்கியபோதும் இதுதான் நிலைமை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளம் வயல்களையும் குளக்கட்டுகளையும் அறுத்துச் சென்ற பின்னரும் இதுதான் நிலைமை. மழைக்கு முன் பெக்கோ வேலை முடிந்தால் காலபோகம் உண்டு. முடியாவிட்டால் இன்னொரு வருடம் காத்திருப்பு.

அப்படிப்பட்ட இயந்திரம் நடுவேலையில் நின்றுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? மர நிழலில் குந்தியிருக்கிறோம். மெக்கானிக் வருவார், ஏதோ ஒரு சாமான் பிழை என்பார், கொழும்பிலிருந்து எடுக்க வேண்டும் என்பார். நாமும் தலையாட்டுகிறோம். இந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் இவ்விதழில் பேச விரும்புகிறோம்.

வன்னியில் ஒரு சிறு குளத்தில் நாம் கண்ட சம்பவத்தை முதலில் சொல்கிறோம். அங்குள்ள கமக்காரர் அமைப்பு, உடைந்த குளக்கட்டை நிரப்புவதற்காகச் செப்டெம்பர் மாதத்தில் 20 தொன் அளவிலான பெக்கோ ஒன்றை மணித்தியால வாடகைக்குப் பிடித்தது. யப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த இயந்திரம் அது. மூன்றாம் நாள் காலையில் வாளியில் மண் ஏற்றியவுடன் எஞ்சின் திணறியது. கறுத்தப் புகை தள்ளியது. கை தூக்கினால் ஆமை வேகம். சாரதியின் முன்னாலுள்ள திரையில் ஒரு குறியீட்டு எண் மின்னியது. பிரதான பம்பின் பிரஷர் சென்சர் சம்பந்தமான குறியீடு அது.

மெக்கானிக் வந்தார், எண்ணைப் பார்த்தார், சென்சர் போய்விட்டது என்றார். இயந்திரத்தின் சொந்தக்காரரும் பெரிய முதலாளி அல்லர். லீசிங்கில் எடுத்து மாதாமாதம் கட்டுபவர். கையில் காசில்லை என்பதால் அமைப்பிடமே முற்பணம் கேட்டார். விதைநெல்லுக்கென்று சேர்த்த பணத்தில் கொடுத்தார்கள். நாலு நாளில் புதுச் சென்சர் வந்தது, பூட்டினார்கள். அதே எண். சாமான் போலி என்று சொல்லி இன்னொன்று எடுத்தார்கள். அதற்கும் நாலு நாள். அதே எண்.

அமைப்பின் தலைவர் மெக்கானிக்கிடம், "தம்பி, வேற எங்கேயும் பிழை இருக்காதோ?" என்று கேட்டார். "ஐயா, மெசினே சொல்லுது சென்சர் எண்டு. அதுக்கு மேல நாங்கள் என்னத்தைப் பாக்கிறது?" என்பதே பதில்.

அடுத்த ஊரில், வளைகுடா நாடொன்றில் கனரக இயந்திரங்களில் வேலை செய்து திரும்பிய இளைஞர் ஒருவர் இருந்தார். அவரைக் கூட்டி வந்தார்கள். அவர் கொண்டுவந்தது ஒரு சிறிய மல்ரிமீற்றர் மட்டுமே. வந்தவுடன் அவர் சொன்ன வசனத்தை நாம் மறக்கவில்லை. "அண்ணை, மெசின் சென்சர் பிழை எண்டு சொல்லேல்லை. சென்சரின்ர லைனில பிழை எண்டுதான் சொல்லுது. அந்த லைன் எவ்வளவு நீளம் எண்டு பாருங்கோ."

ஒன்றரை மணித்தியாலத்தில் பிழை பிடிபட்டது. பம்பின் பின்பக்கமாகப் போகும் வயர்க்கட்டைப் பிடித்திருந்த ஒரு கிளிப் உடைந்திருந்தது. வயர்க்கட்டு இரும்புத் தாங்கியில் உரசி உரசி, ஒரு வயரின் உறை அரை அங்குலம் தேய்ந்து, செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு சாண் வயர், கொஞ்சம் ஈயம், ஒரு கிளிப். இவ்வளவுதான் திருத்த வேலை. வேலை மீண்டும் தொடங்கியபோது பதினொரு நாள் போயிருந்தது. குளக்கட்டு ஒருவாறு நிரம்பியது. ஆனால் வான் வேலை முடியுமுன் மழை பிடித்துவிட்டது. தண்ணீரை உயரத் தேக்க முடியவில்லை. கடைக்கோடி வயல்காரர் அந்தப் போகம் விதைக்கவில்லை.

இதில் யார் குற்றவாளி என்று தேடுவது எமது நோக்கமல்ல. மெக்கானிக் ஏமாற்றுக்காரர் அல்லர். சொந்தக்காரரும் நட்டப்பட்டார். பிழை ஒரு பழக்கத்தில் இருக்கிறது. அளக்காமல் மாற்றுவது என்ற பழக்கம், கேட்காமல் பணம் கொடுப்பது என்ற பழக்கம். இவ்விரண்டும் சேர்ந்துதான் கடைக்கோடி வயலைத் தரிசாக்கின.

இயந்திரம் என்றதும் எமக்குப் புரியாத விடயம் என்று ஒதுங்கத் தேவையில்லை. ஒரு கமக்காரனுக்கு இது நன்றாகவே புரியும். துருசைத் திறந்தும் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே துருசை உடைத்துவிட்டுப் புதுத் துருசு போடுவோமா? போடமாட்டோம். வாய்க்கால் நெடுகிலும் நடந்து போவோம். எங்கே நண்டு துளைத்திருக்கிறது, எங்கே அடைத்திருக்கிறது, எங்கே யாராவது மறித்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். சென்சரின் வயரும் ஒரு வாய்க்கால்தான். அதன் வழியே நடந்து பார்க்க உதவும் கால்தான் மல்ரிமீற்றர்.

பெக்கோவின் பம்பில் பூட்டியிருக்கும் பிரஷர் சென்சர், ஒயிலின் அமுக்கத்தை மின்சாரமாக மாற்றி இயந்திரத்தின் கணினிக்குச் சொல்கிறது. பெரும்பாலானவற்றில் மூன்று வயர்கள் இருக்கும். ஒன்றில் கணினியிலிருந்து 5 வோல்ற் வருகிறது. மற்றொன்று நெகற்றிவ் வயர். மூன்றாவது வயர் சேதியைக் கொண்டு போகிறது. வழக்கமான அமைப்பில், அமுக்கம் இல்லாதபோது சேதி வயரில் ஏறத்தாழ 0.5 வோல்ற் இருக்கும். முழு அமுக்கத்தில் 4.5 வோல்ற் வரை ஏறும். சேதி இந்த எல்லைக்குக் கீழே பூச்சியத்துக்கு விழுந்தாலோ, மேலே 5 வோல்ற்றை எட்டினாலோ, கணினி அதை நம்புவதில்லை. குறியீட்டைப் போட்டுவிட்டு, தன் பாதுகாப்புக்காகப் பம்பின் வேலையைக் குறைக்கவும் கூடும். இயந்திரம் ஆமையாவது பெரும்பாலும் இதனால்தான்.

எனவே குறியீடு சொல்வது 'இந்த வழியால் வரும் சேதி சரியில்லை' என்பதை மட்டுமே. சேதி சொல்பவன் பிழையா, வழி பிழையா, கேட்பவன் பிழையா என்று அது சொல்லாது. பல இயந்திரங்கள் பின்பற்றும் பொது ஒழுங்கில், குறியீட்டின் பின்னால் வரும் இலக்கம் 3 ஆனால் வோல்ற்றளவு கூடிவிட்டது, 4 ஆனால் குறைந்துவிட்டது, 5 ஆனால் இணைப்பு அறுந்திருக்கலாம் என்று பொருள். சில கம்பனிகள் தமக்கெனத் தனி எண்களை வைத்திருக்கின்றன. எதுவானாலும் சாவியை மூடுமுன் அந்த எண்ணை முழுமையாக எழுதிவைப்பதே முதல் வேலை. கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தாலும் போதும்.

அடுத்தது நடை. எஞ்சினை நிறுத்திவிட்டு, சென்சரின் பிளக்கைக் கழற்றி உள்ளே பாருங்கள். பச்சை பூத்திருக்கிறதா, தண்ணீர் நிற்கிறதா, ஊசி வளைந்திருக்கிறதா? பல பிழைகள் மீற்றர் எடுக்குமுன்பே இங்கே கண்ணில் படும். பிறகு சாவியை மட்டும் போட்டு, எஞ்சினை இயக்காமல், பிளக்கில் 5 வோல்ற் வருகிறதா என்று அளக்க வேண்டும். வராவிட்டால் புதுச் சென்சர் பூட்டி எந்தப் பயனும் இல்லை. 5 வோல்ற் பெரும்பாலும் பல சென்சர்களுக்குப் பொதுவானது. எங்கோ ஒரு சென்சரோ ஒரு வயரோ அதை இரும்போடு முட்டவைத்தால் எல்லாச் சென்சரும் ஒரே நேரத்தில் முறையிடும். நாலைந்து குறியீடுகள் ஒன்றாக வந்தால், நாலைந்து சென்சரும் ஒரே நாளில் செத்துவிட்டன என்று எண்ணாதீர்கள். ஒவ்வொன்றாகப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், எதைக் கழற்றும்போது 5 வோல்ற் திரும்புகிறதோ அங்கே பிழை.

5 வோல்ற்றும் நெகற்றிவ்வும் சரியென்றால் சேதி வயரைப் பார்க்க வேண்டும். பற்றரியைத் துண்டித்து, வயரின் இரு முனைகளையும் கழற்றி, அந்த வயருக்கும் இயந்திரத்தின் இரும்புக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று அளக்கலாம். இருக்கக் கூடாது. இருந்தால் எங்கோ உறை தேய்ந்திருக்கிறது. நாம் சொன்ன சம்பவத்தில் பிடிபட்டது இந்த இடத்தில்தான். அதேபோல் வயரின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையே தொடர்பு இருக்கவேண்டும். இல்லையென்றால் நடுவில் அறுந்திருக்கிறது. அளக்கும்போது வயர்க்கட்டை மெல்ல அசைத்துப் பார்ப்பதும் அவசியம். நிற்கும்போது நல்லதாகவும் ஆடும்போது கெட்டதாகவும் இருக்கும் பிழைதான் மெக்கானிக்கை ஏய்க்கும் பிழை.

பல பெக்கோக்களில் இரண்டு பிரதான பம்புகள் உண்டு. இரண்டுக்கும் ஒரே வகைச் சென்சர். அவ்வாறானால் காசில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். இரண்டு சென்சர்களையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள். பிழை சென்சரோடு சேர்ந்து மற்றப் பம்புக்குப் போனால் சென்சர்தான் பிழை, தயங்காமல் வாங்குங்கள். பிழை பழைய இடத்திலேயே நின்றால் வயரைத் தேடுங்கள். ஆம், சென்சரும் பழுதாகும். அதை நாம் மறுக்கவில்லை. அளந்து அறிந்து வாங்குவோம் என்பதே எமது வாதம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சென்சரைக் கழற்றும் வேலையைப் பழகாதவர் தொடவே கூடாது. பெக்கோவின் ஒயில் 350 பார் அளவு அமுக்கத்தில் வேலை செய்கிறது. வாளியை நிலத்தில் வைத்து, எஞ்சினை நிறுத்தி, கையேட்டில் உள்ளபடி அமுக்கத்தை வெளியேற்றி, ஒயில் ஆறிய பின்னரே கழற்ற வேண்டும். ஊசித் துளையால் பாயும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் சிறு கீறல் போலத்தான் தெரியும். அது வைத்தியசாலைக்கு உடனே ஓடவேண்டிய காயம். இன்னொன்று, இயந்திரத்தின் பற்றரி 24 வோல்ற், சென்சருக்கு வேண்டியது 5 வோல்ற். 'நேரே கரண்ட் கொடுத்துப் பார்ப்போம்' என்று பற்றரி வயரைத் தொடுவித்தால் நல்ல சென்சரும் போகும், கணினியும் போகலாம். வயரின் உறையில் ஊசி குத்தி அளக்கும் பழக்கமும் வேண்டாம். அந்தத் துளையால் தண்ணீர் இறங்கி அடுத்த மாரிக்குள் வயர் உக்கிவிடும்.

இப்படிச் சொல்லும்போது சிலர் எம்மைக் கேட்கிறார்கள்: "வயலையும் பார்த்து, வீட்டையும் கட்டி, பிள்ளையையும் படிப்பிக்கிற சனத்துக்கு இதெல்லாம் ஏன்? இது மெக்கானிக்கின் வேலை அல்லவா?" நியாயமான கேள்வி. எல்லோரும் மெக்கானிக் ஆக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பணம் கொடுப்பவர் மூன்று கேள்வி கேட்கலாம். குறியீடு என்ன? 5 வோல்ற் வருகிறதா? வயரை இரும்போடு அளந்து பார்த்தீர்களா? இந்த மூன்றையும் மரியாதையாகக் கேட்டால் நல்ல மெக்கானிக் கோபிக்கமாட்டார். சந்தோஷப்படுவார். அளக்காதவரும் அடுத்தமுறை மீற்றரோடு வருவார்.

இன்னும் சிலர், அளப்பதில் நேரம் வீணாகிறது, சாமானை மாற்றிப் பார்ப்பதுதான் விரைவு என்பர். சாமான் அடுத்த தெருக் கடையில் கிடைக்கும் நாட்டில் அது சரியாக இருக்கலாம். எமக்கோ ஒவ்வொரு சாமானும் நாலு நாள் தூரம். விலையும் டொலரோடு ஏறுகிறது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களில் 360 ரூபா அளவுக்குப் போனதை நாம் மறக்க முடியுமா? இறக்குமதிச் சாமானைப் பிழையாக வாங்குவது அன்றும் இன்றும் எமது நெல்லைக் கொட்டுவதுதான்.

நாம் கையாலாகாதவர்கள் அல்லர். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த நாட்களை மூத்தவர்கள் நினைத்துப் பாருங்கள். பற்றரி இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். பெற்றோல் இல்லாத காலத்தில் சில துளி பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். அந்தக் காலத்தில் ஒரு சாமானையும் மாற்ற வழியில்லை. அதனால் ஒவ்வொன்றையும் கழற்றி, பார்த்து, காரணம் கண்டுபிடித்தோம். அன்று டைனமோவைப் புரிந்துகொண்ட கை, இன்று மூன்று வயரைக் கண்டு பின்வாங்குவது ஏன்?

காரணம் ஒன்று உண்டு. முகாமிலும் தற்காலிகக் கொட்டிலிலும் வாழ்ந்த காலத்தில், வரிசையில் நில், கொடுப்பதை வாங்கு, கேள்வி கேளாதே என்று பழக்கப்பட்டுவிட்டோம். நிவாரணம் நின்றுவிட்டது. அந்தப் பழக்கம் நிற்கவில்லை. கந்தோரிலும் கடையிலும் கராச்சிலும் இன்னும் அதே வரிசையில்தான் நிற்கிறோம். இழந்த காணியை மீட்பதுபோல, கேள்வி கேட்கும் துணிவையும் மீட்க வேண்டும்.

மற்ற நாடுகளிலும் கமக்காரர் இதே சிக்கலைச் சந்திக்கிறார்கள். மின்சுற்றுப் படத்தையும் சோதிக்கும் மென்பொருளையும் கம்பனிகள் தம் முகவர்களிடம் மட்டும் வைத்துக்கொள்வதால், சொந்த உழவு இயந்திரத்தைக்கூடத் திருத்த முடியாமல் அமெரிக்கக் கமக்காரர் தவித்தார்கள். அவர்கள் குரல் எழுப்பியதன் பயனாக, கொலராடோ மாநிலம் 2023இல் விவசாய இயந்திரங்களைத் திருத்தும் உரிமைக்கென ஒரு சட்டம் இயற்றியது. 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. எம்மிடம் அவ்வளவு பலம் இன்று இல்லாதிருக்கலாம். ஆயினும் இயந்திரம் வாங்கும் எமது இளைஞர்கள், சாவியோடு கையேட்டையும் மின்சுற்றுப் படத்தையும் கேட்டு வாங்கலாம் அல்லவா?

ஆகவே ஒவ்வொரு கமக்காரர் அமைப்பின் முன்னும் நான்கு யோசனைகளை வைக்கிறோம். முதலாவது, அமைப்புக்கென ஒரு மல்ரிமீற்றர் வாங்குங்கள். பெக்கோவின் சில மணித்தியால வாடகைக்குள் அது அடங்கும். இரண்டாவது, ஊரில் இருவரை அதைப் பாவிக்கப் பழக்குங்கள். ஒருவர் பெண்பிள்ளையாக இருக்கட்டும். மீற்றரை வாசிக்கக் கைப்பலம் வேண்டியதில்லை, நிதானம் வேண்டும். வெளிநாட்டில் வேலை செய்து திரும்பியவர்களே இதற்கு நல்ல ஆசிரியர்கள். மூன்றாவது, வாடகைக்குப் பிடிக்கும்போதே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்: திருத்தச் செலவு யாருடையது, முற்பணம் கொடுத்தால் அது வாடகையில் எப்படிக் கழியும், அளந்த கணக்கைக் காட்டாமல் சாமான் வாங்குவதில்லை என்பன. நான்காவது, ஒரு கொப்பி வையுங்கள். திகதி, வந்த குறியீடு, அளந்த அளவு, கண்ட பிழை நாலும் அதில் இருக்கட்டும். இரண்டு வருடத்தில் அந்தக் கொப்பி உங்கள் ஊருக்கு ஒரு பாடப்புத்தகம் ஆகிவிடும்.

பெக்கோ வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாளிப் பல்லுக்கு வெல்டிங் பிடிக்குமுன் பற்றரியைக் கழற்றுங்கள். வெல்டிங் எர்த்தைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பூட்டுங்கள். வேகமான தண்ணீரால் பிளக்குகளுக்கு நேரே அடிக்காதீர்கள். வயலில் நிற்கும் இயந்திரத்தில் எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உடைந்த கிளிப்பை 'பிறகு பார்ப்போம்' என்று விடாதீர்கள். அந்தக் குளத்தில் ஒரு போகத்தைக் கொண்டுபோனது அப்படி விடப்பட்ட ஒரு கிளிப்தான்.

'வெள்ளம் வருமுன் அணை கோலு' என்று எமது முன்னோர் சொன்னார்கள். அணை கோலும் கருவி மண்வெட்டியாக இருந்த காலத்தில் அதன் பிடி கழன்றால் நாமே ஆப்பு இறுக்கினோம். இன்று கருவி பெக்கோவாக மாறியிருக்கிறது. ஆப்பு இறுக்கும் பொறுப்பு மட்டும் மாறவில்லை. அடுத்த மாரிக்கு முன் உங்கள் அமைப்பின் கூட்டத்தில் இந்த விடயத்தை எடுத்துப் பேசுங்கள். மீற்றர் ஒன்று வாங்கும் தீர்மானத்தோடு கூட்டத்தை முடியுங்கள்.